நாலு கோடும் நிறைந்த கட்டடம்

சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வம்பு அங்கேயே ஆரம்பம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்துநாலு. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுத் திருச்சியில் அலுவலகங்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு வந்துவிட்டார். அவர் வேலையை விட்டாலும் 'மிஸ்' என்ற பட்டம் அவரை விடவில்லை. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் மிஸ்தான்.

சீடர் வேதரத்தினம். உறையூரில் இருபது வருஷம் கேபிள் டிவி நடத்தியவர். மாடிக்கு மாடி தாவிக் கறுப்பு ஒயர் இழுத்தவர். ஜனங்கள் டிவியை அணைத்துவிட்டுக் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டபோது அவர் தொழில் படுத்துவிட்டது. ஒயர் தெரிந்தவனுக்கு ஒயரில்லாதது வராமலா போய்விடும் என்று ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார். மனுஷன் நல்ல உழைப்பாளி. பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

சேர்ந்த அன்றைக்கே கேட்டார்.

"மிஸ், இந்த வேலையில எது ரொம்பக் கஷ்டம்?"

"சும்மா உட்கார்ந்து பார்க்கிறதுண்ணே."

வேதரத்தினம் சிரித்துவிட்டார். மிஸ் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மாசம் அவர்களுக்கு வந்த வேலை 'பேச்சுத்துணை' என்ற உதவி மையத்தில். இனி இருந்து என்ன செய்ய என்று தோன்றிப்போனவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்காக அங்கே ஓர் எண் உண்டு. முறை வைத்துக்கொண்டு பதினெட்டுத் தன்னார்வலர்கள் அழைப்புகளை எடுப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் வைஃபையில் ஓடும் ஒரு போன். மூன்று மாடிக் கட்டடம், உள்கூரைகளில் ஒன்பது பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் தன்னைச் சுற்றி வைஃபையைப் பரப்பும். ஒன்பதையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கிற கன்ட்ரோலர் கீழே ஸ்டோர் ரூமில் இருந்தது. அதன் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஒன்பதும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அந்த மையத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கூப்பிடுகிறவர் யார் என்று கேட்கக் கூடாது. அவர்கள் எண் திரையில்கூட வராது. அந்த நம்பிக்கையில்தான் பலர் கூப்பிடுகிறார்கள்.

எழுதி வைக்காத வழக்கம் ஒன்றும் உண்டு. பேசுகிறவர் மனம் உடைந்து உள்ளே கிடப்பதைச் சொல்ல ஆரம்பித்தால், போனை எடுத்தவர் ஹாலில் உட்கார்ந்திருக்க மாட்டார். போனைக் காதில் வைத்தபடியே எழுந்து, நடைபாதை வழியாக நடந்து, கடைசியில் இருக்கிற சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஹாலில் மற்றவர்கள் பேச்சுச் சத்தம் கேட்கும். தவிர, கேட்கிறவருக்கும் சில நேரம் அழுகை வரும் அல்லவா?

பெட்டிகளை மாட்டி முடித்த அன்று ஜெசிந்தா சொன்னார்.

"அண்ணே, இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. ரெண்டு நாள் ஹால்ல உட்காருங்க. போனை வெச்சுக்கிட்டு யாரு எங்க நடக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. நான் காரைக்கால் வேலையை முடிச்சுட்டு வந்துடறேன்."

"ஆளுங்க நடக்கிறதைப் பார்த்து என்ன மிஸ் ஆகப்போகுது?"

"பாருங்க, தெரியும்."

வேதரத்தினம் உட்கார்ந்தார். காலை பதினோரு மணி வரை உட்கார்ந்தார். அதற்குள் மூன்று கொட்டாவி, ரெண்டு டீ. அப்போது ஒருவர் வந்து, "சார், காபி மிஷின் பக்கத்துல சிக்னல் ரெண்டு கோடுதான் காட்டுது" என்றார்.

அவ்வளவுதான், அவருக்குக் கை துறுதுறுத்துவிட்டது.

இருபது வருஷமாக அவர் கண்ட வைத்தியம் ஒன்றே ஒன்று. படம் புள்ளி புள்ளியாக வருகிறதா? கம்பத்தில் ஏறு. ஆம்ப்ளிஃபையரைத் திருகிக் கூட்டு. படம் பளிச். வீட்டுக்காரம்மா மோர் கொண்டுவந்து கொடுப்பார்.

ஸ்டோர் ரூமுக்குப் போனார். கன்ட்ரோலர் திரையில் பவர் என்ற இடத்தில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று இருந்தன. ஒன்பது பெட்டிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'அதிகம்' என்பதைத் தட்டினார்.

கட்டடம் முழுக்க நாலு கோடு. படிக்கட்டில் நாலு கோடு. கழிவறையில் நாலு கோடு. வெளியே வண்டி நிறுத்துகிற வேப்பமரத்தடியில்கூட நாலு கோடு. மேனேஜர் தேடி வந்து கைகொடுத்தார். மிஸ் வந்து பார்த்தால் அசந்துபோவார் என்று வேதரத்தினத்துக்கு ஒரே பெருமை. அதற்கப்புறம் ஹாலில் உட்கார அவருக்கு என்ன வேலை? மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடப் பாவமே என்று நமக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி. நடைபாதையில் ஏணி போட்டு, தொங்கிய ஒயர்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் வேதரத்தினம். ஹம்சவேணி அம்மா போனைக் காதில் வைத்தபடி ஏணியைச் சுற்றிக்கொண்டு போனார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒன்பது வருஷமாக அங்கே போன் எடுக்கிறார். அன்று ஒரு பெண் நாற்பது நிமிஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதில் முக்கால்வாசி நேரம் மௌனம். கடைசியில், "இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லம்மா" என்றாள். அதைக் கேட்டதும்தான் ஹம்சவேணி வழக்கப்படி எழுந்து நடந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"சொல்லும்மா. நான் இருக்கேன்."

"அம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கேன்மா, சொல்லு."

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்! இருக்கேன் தாயி! இங்கதான் இருக்கேன்!"

அந்தக் கூச்சல் நடைபாதைக்குக் கேட்டது. ஹாலுக்குக் கேட்டது. கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை.

"நீங்களும் போயிட்டீங்களா," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "சரி."

போன் அடங்கிவிட்டது.

வேதரத்தினம் ஏணியிலிருந்து குதித்து ஓடினார். ஹம்சவேணி கதவைத் திறந்துகொண்டு வந்து போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவ பேசினது எனக்குக் கேட்டுச்சுய்யா. நான் பேசினது அவளுக்குக் கேட்கல. ஏன்யா கேட்கல?"

வேதரத்தினம் திரையைப் பார்த்தார்.

"சிக்னல் நாலு கோடும் முழுசா இருக்கேம்மா!"

அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். பிறகு எத்தனையோ முறை அதை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவருக்கு.

அவள் திரும்பக் கூப்பிடவில்லை. இவர்கள் கூப்பிடலாமென்றால் எண் கிடையாது. பெயர் கிடையாது. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. ஹம்சவேணி அன்று முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அந்த போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஜெசிந்தா வந்தார். நடந்ததைக் கேட்டார். கன்ட்ரோலரில் முந்தின நாள் பதிவைத் திறந்து பார்த்தார்.

"பவரை யாரு ஏத்தினது?"

"நான்தான் மிஸ்."

ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வேதரத்தினத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அந்தப் புண்ணியத்தையும் மிஸ் கட்டிக்கொள்ளவில்லை.

"அந்தம்மா போன் அந்த நேரம் எந்தப் பெட்டியைப் பிடிச்சிருக்குன்னு பாருங்கண்ணே."

பார்த்தார். சின்ன அறைக்குள் தலைக்கு நேர் மேலே ஒரு பெட்டி இருந்தது. போன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரெண்டு சுவர் தாண்டி இருந்த ஹால் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது.

"ஏன் மிஸ்? பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு ஏன் தூரத்துல இருக்கிறதைப் பிடிச்சுது? அதுதான் நாலு கோடு இருந்துச்சே, அப்புறம் ஏன் கேட்கல?"

ஜெசிந்தா அலமாரி மேலே பார்த்தார். கல்லூரிகளுக்கு ஊர்வலம் போகும்போது மையத்துக்காரர்கள் எடுத்துப்போகிற, ஒலிபெருக்கியோடு சேர்ந்த கை மைக் ஒன்று அங்கே கிடந்தது.

"அதை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்கு வாங்க."

எதிர்ப்புறம், சாலைக்கு அந்தப் பக்கம், தள்ளுவண்டியில் டீக்கடை. ஓர் அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த அக்காகிட்ட இன்னிக்கு என்ன வடைன்னு கேளுங்க."

"மைக்குலயா?"

"மைக்குலதான்."

வேதரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் கேட்டார். "அக்கா! இன்னிக்கு என்ன வடை?" தெருவே அண்ணாந்து பார்த்தது. அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். நடுவில் டவுன் பஸ் ஒன்று போனது.

"என்ன சொன்னாங்க?"

"கேட்கல மிஸ்."

"நீங்க கேட்டது அவங்களுக்குக் கேட்டுச்சா?"

"தெருவுக்கே கேட்டுச்சே."

"பதில் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. வாய் அசைஞ்சுது."

"இன்னும் சத்தமாக் கேளுங்க."

கேட்டார். அந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் குவித்து ஏதோ கத்தினார். ஒரு எழுத்துகூட மேலே வந்து சேரவில்லை.

"இன்னும் சத்தமா."

வேதரத்தினம் மைக்கை வாய் வரைக்கும் கொண்டுபோனார். அப்படியே இறக்கிவிட்டார்.

"மிஸ், போனுக்கு இந்த மாதிரி மைக் கிடையாது. இல்லையா?"

"கிடையாதுண்ணே. அதுக்கு இருக்கிறது அந்த அக்கா மாதிரி வெறும் குரல்தான்."

"பெட்டி கத்துறது போனுக்குக் கேட்கும். அதனால நாலு கோடு."

"ம்."

"போன் பேசுறது பெட்டிக்குக் கேட்காது."

"பக்கத்துப் பெட்டிக்கு மாறலாம்னு போனுக்கு எப்பத் தோணும்?"

வேதரத்தினம் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிக் குரல் மங்கும்போது."

ஜெசிந்தா தலையாட்டினார்.

"நான் மங்கவே விடலையே மிஸ்." தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார் வேதரத்தினம். "டிவி பதில் பேசாது மிஸ். இருபது வருஷம் நான் அனுப்பிக்கிட்டே இருந்தேன், எதுவும் திரும்பி வரல. வரணும்னே எனக்குத் தெரியாது." ஐம்பதை எட்டப் போகிற மனுஷன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். டீக்கடை அக்கா கீழேயிருந்து கவலையோடு பார்த்தார்.

அழுது முடியும்வரை ஜெசிந்தா அங்கேயே நின்றார். அப்புறம், "வாங்க, கீழ போய் உட்காரலாம்" என்றார்.

இந்தத் தடவை வேதரத்தினம் ரெண்டு நாள் முழுசாக ஹாலில் உட்கார்ந்தார். கொட்டாவி வரவில்லை. யார் எழுந்தார்கள், எந்த வழியாகப் போனார்கள், எந்த இடத்தில் தயங்கி நின்றார்கள் என்று பார்த்தார். ஹம்சவேணி நடைபாதையின் பாதியில் எப்போதும் ஒரு நொடி நின்று மூச்சு வாங்குவார். இன்னொருவர் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் பவரைக் குறைத்தார். குறைத்துவிட்டு, கையில் போனோடு அதே வழியாக அதே வேகத்தில் நடந்தார். மறுமுனையில் மொட்டை மாடியிலிருந்து ஜெசிந்தா.

"ஒண்ணு. கேட்குதா மிஸ்?"

"கேட்குது."

"ரெண்டு. கேட்குதா?"

"கேட்குது."

பாதி நடைபாதையில் போன் ஹால் பெட்டியை விட்டுவிட்டு அறைப் பெட்டிக்கு மாறும். மாறியது கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. நூறு தடவையாவது நடந்திருப்பார். கால் வீங்கிவிட்டது.

காபி மிஷின் பக்கத்திலிருந்து அதே ஆசாமி வந்தார். "என்ன சார் பண்ணி வெச்சீங்க? போன வாரம் நாலு கோடு இருந்துச்சு, இப்ப மூணுதான் காட்டுது!"

வேதரத்தினம் போனை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடந்தார்.

வேலை முடிந்தது. அவருக்கு அங்கே இனி ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு இடத்தில் வேலை இருந்தாலும் அந்த நேரத்துக்கு எப்படியாவது வந்துவிடுவார். மணி அடிக்கும்போதெல்லாம் ஹம்சவேணியின் முகத்தைப் பார்ப்பார். ஹம்சவேணி இல்லையென்று தலையை ஆட்டுவார். யாரும் அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. ஒருநாள் ஹம்சவேணியே காபி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டாரே தவிர, குடிக்க முடியவில்லை. வீட்டிலும் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் ஓர் அழைப்பு வந்தது. ஹம்சவேணி கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்தார். நடந்தார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். வேதரத்தினம் பெஞ்சைவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கதவு மூடிக்கொண்டது.

"இருக்கேன்மா," என்று உள்ளே மெல்லிய குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இருக்கேன், சொல்லு." கத்தவில்லை. கத்த வேண்டிய தேவை இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"அவங்களாம்மா?"

"இல்லப்பா. இது வேற ஆளு." ஹம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவைகூடக் கட்டாகல. நல்லாக் கேட்டுச்சு. நல்லா இருப்பப்பா நீ."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள வேதரத்தினத்துக்கு இடமில்லை. யாரோ ஒருத்திக்குக் கேட்டதே என்று சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் சந்தோஷம் இருக்கவும் செய்தது. அதற்குக் கீழே நெஞ்சு கல்லாகக் கிடந்தது. அன்றைக்குப் பேசிய அந்தப் பெண் இனி கூப்பிட மாட்டாள் என்று அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

படியிறங்கி ஸ்டோர் ரூமுக்குப் போனார். பெட்டிகளைச் சோதிக்க வந்திருந்த ஜெசிந்தா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், நான் இந்த வேலையிலிருந்து நின்னுக்கறேன்."

"சரிண்ணே."

"சரின்னுட்டீங்க? இருன்னு ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்ல மாட்டீங்களா?"

"நீங்க நின்னா அவங்க கூப்பிடுவாங்கன்னா, நானும் உங்ககூடவே நின்னுக்கறேன்."

வேதரத்தினம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கன்ட்ரோலரில் அந்தப் பழைய தேதியைத் தேடி எடுத்தார். தினமும் ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"அன்னிக்குப் பூரா பச்சையாவே இருக்கு மிஸ். ஒன்பது பெட்டியும் பச்சை. மூணு மணிக்கும் பச்சை. ஒரு சின்னச் சிவப்புப் புள்ளிகூட இல்ல. ஏன் மிஸ்?"

"கன்ட்ரோலர் பெட்டியைப் பார்த்து நல்லா இருக்கியான்னு கேட்கும். பெட்டி நல்லா இருக்கேன்னு சொல்லும்."

"கூப்பிட்டவங்களை யாரு கேட்பாங்க?"

ஜெசிந்தா திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

"நாற்பது நிமிஷம் பேசியிருக்காங்க மிஸ். யாருகிட்டயும் சொல்லாததைச் சொல்ல வந்திருக்காங்க. கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டு, சரின்னுட்டுப் போயிட்டாங்க. அந்தச் சரி தூக்கத்துலயும் கேட்குது. எழுந்து உட்கார்ந்துடறேன். என் பொண்டாட்டி என்னங்கன்னு கேட்கிறா. என்னன்னு சொல்லுவேன்?"

வேதரத்தினம் திரையை அணைத்தார். குரு பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க மிஸ். அவங்க எங்கயோ நல்லா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. நீங்க சொன்னா நான் நம்பிடுவேன்."

ஜெசிந்தா அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். ரொம்ப நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"சொல்றதுக்கு என்னண்ணே, சொல்லிடலாம். உங்களுக்கும் நல்லாக் கேட்கும். ஆனா, அதைச் சொல்ல வேண்டியவங்க குரல் நம்மகிட்ட வந்து சேரலையே."